சக்களத்தி தூங்கும் இடம்

பூனை திடீரென்று அடிப்பதில்லை. அடி வாங்கியவர்கள்தான் ‘திடீர்னு அடிச்சிருச்சு’ என்பார்கள். முதலில் அது அசையாமல் உறைந்துபோகும். கண்ணின் கருமணி விரியும். காதுகள் பக்கவாட்டில் சரிந்து தலையோடு ஒட்டிக்கொள்ளும். வால் நுனி தரையைத் தட்டும். அதற்கும் நாம் நகராவிட்டால் சீறும். சீறலையும் மதிக்காமல் கையை நீட்டினால்தான் நகம் வரும். பெரிய குளிர்சாதனங்களில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் வெடித்துவிடாமல் இருக்க ஒரு வால்வு தானே திறந்துகொள்ளும். பூனையின் நகமும் அப்படித்தான். அதைக் கோபம் என்று சொல்வது தவறு.

இதையெல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் நிதானமாக விளக்கினேன். அவர் புறங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு அடுத்த கடை அவருடையது. இரண்டு கடைகளும், மாடியில் நாங்கள் குடியிருக்கும் வீடும் சேர்ந்த கட்டடமும் அவருடையதே. என் பின்னறையில் இருக்கும் மின்மீட்டரைப் பார்க்க வந்தவர், “அட, பூனையா?” என்று கையை நீட்டிவிட்டார்.

“விளக்கமெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றார். “சனிக்கிழமைக்குள்ள அதுக்கு ஊசி போட்டு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்து காட்டுங்க. இல்லன்னா பூனை பிடிக்கிறவங்களுக்கு போன் போட்டுருவேன். அவங்க கொண்டுபோய் எங்க விடுவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

அந்தப் பூனை ஒரு மழை நாளில் உள்ளே வந்து, கழற்றி அடுக்கிய ஃபிரிட்ஜ் கதவுகளுக்குப் பின்னால் குடியேறியது. தெருவிலேயே பிறந்து வளர்ந்தது. மனிதக் கையிலிருந்து கல்லும் செருப்பும் வரும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். குட்டி வயதில் கை படாமல் வளர்ந்த பூனையைப் பழக்குவது கடினம், ஆனால் முடியும். ஒரே நேரத்தில், ஒரே கிண்ணத்தில், ஒரே ஆள் சாப்பாடு வைக்க வேண்டும். வைத்ததும் போய்விடக் கூடாது, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார வேண்டும். நேருக்கு நேர் பார்த்தால் பூனை அதைச் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். அது சாப்பிடப் பழகப் பழக, கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நம் பக்கம் நகர்த்த வேண்டும்.

நான் அப்படியே செய்தேன். மாலையில் கடையை மூடியதும் பின்னறைத் தரையில் மூச்சுக்கூடப் பலமாக விடாமல் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று குரல் கொடுப்பாள்.

“சக்களத்திக்குச் சாப்பாடு ஆச்சா? ஆச்சுன்னா மேல வந்து கட்டினவகிட்டயும் ஒரு வார்த்தை பேசலாமே!”

பூனைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சக்களத்தியின் கிண்ணம் மெல்ல மெல்ல என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது. அது அங்கே வந்து சாப்பிடும். தொட மட்டும் விடாது; விரல் நீண்டால் அடிதான். இருந்தாலும் உலகத்தில் வேறு ஒருவருக்கும் இவ்வளவு பக்கத்தில் அது வந்ததில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

பிறகுதான் மச்சான் விஷயம் தெரிந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. மீனும் இறைச்சியும் உறையவைக்கும் ஒரு கிடங்கில் இரவு வேலை அவனுக்கு. ‘வேற ரூம் கிடைக்கிற வரைக்கும்’ என்று எங்களோடு வந்து தங்கியவன். பகலில் மாடி வெயிலில் காயும் என்பதால் பின்னறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தேன். கிடங்கில் தந்த கனமான பஞ்சு ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு மரக்கட்டை மாதிரி தூங்குவான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். ஒருநாள் என் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தான், அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்ததும், “அந்தத் தம்பி இல்லையா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடச் சரியாகத் திருப்பத் தெரியாதவன். பூனை என்றால் அவனுக்குப் பயம் வேறு.

“கடிக்குமா மாமா?” என்று முதல் நாளே கேட்டான்.

“ஆளைக் கண்டா அது வெளியவே வராது மாப்ள. நீ பாட்டுக்குத் தூங்கு.”

மருந்துக்கடைக்காரர் கெடு வைத்த மறுநாள் ஒரு ஃபிரிட்ஜுக்குப் பழைய ரிலே சுவிட்ச் தேவைப்பட்டு, மச்சானை எழுப்பாமல் பின்னறைக் கதவைத் திறந்தேன். அவன் மல்லாந்து படுத்திருந்தான். அவன் வயிற்றின் மேல், ஜாக்கெட்டின் பள்ளத்தில், சக்களத்தி சுருண்டு கிடந்தது. முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் ஜாக்கெட்டை மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தது. தொண்டைக்குள் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது. ஒரு பாய்ச்சலில் கதவுகளுக்குப் பின்னால் போய் மறைந்தது. மச்சான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. பூனை ஒரு மனிதனிடம் கவனிப்பது கண், கை, அசைவு ஆகியவற்றை. தூங்குகிறவனுக்குக் கண் மூடியிருக்கிறது, கை கிடக்கிறது, மூச்சு ஒரே சீராக வருகிறது, உடம்பு கதகதப்பாக இருக்கிறது. அவனுக்குப் பூனையிடம் எந்த எதிர்பார்ப்பும் இல்லை. நானோ பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டும், கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தவன். பூனைக்கு அது தெரியாமலா போகும்? எல்லாம் புரிந்தது. புரிந்தும் வயிறு எரிந்தது. மீன் வாங்கியது யார், முள் எடுத்தது யார், தரையில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது யார்?

“இந்த ஜாக்கெட்ல முடி கொட்டுது மாமா,” என்றான் மச்சான் அன்று சாயங்காலம், ஒரு சாம்பல் நிற முடியை விரலில் பிடித்துக் காட்டி. “கம்பெனிக்காரன் மட்டமானதைக் குடுத்து ஏமாத்திட்டான்.”

“ஆமா மாப்ள,” என்றேன்.

அவன் வேலைக்குப் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு ஆடியது.

“காத்திருந்தவன் பொண்டாட்டிய நேத்து வந்தவன் கொண்டு போன கதையாம். உங்களுக்குச் சக்களத்தியே போயிட்டாளே!”

“அவன்கிட்ட சொல்லிராத.”

“ஏன்? அவனை வச்சே பிடிச்சுக் கூடையில போட்டுரலாமே.”

“பயந்துருவான்.”

“பயம் அவனுக்கா உங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

எனக்கு வேறு யோசனை இருந்தது. சக்களத்திக்குப் பழகியது மச்சானா, மச்சானின் ஜாக்கெட்டா? பூனைக்கு ஆளின் அடையாளம் முகத்தைவிட வாசனையில்தான் அதிகம். அப்படியானால் அந்த ஜாக்கெட்டுக்குள் யார் இருந்தால் என்ன?

வியாழக்கிழமை மச்சான் தூங்கி எழுந்து மாடிக்குக் குளிக்கப் போன நேரத்தில், அவன் கட்டிலில் அவனைப் போலவே மல்லாந்து படுத்து, ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன். குறட்டைகூட லேசாக விட்டுப் பார்த்தேன்.

வந்தது. முதலில் கட்டில் விளிம்பில் ஒரு அழுத்தம். பிறகு தொடைமேல் ஒரு பாதம், இன்னொரு பாதம். நெஞ்சின் மேல் ஏறியது. மீசை என் தாடையில் உரசியது. இதுதான், இதற்குத்தான் இத்தனை நாள். அந்த முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஒரே ஒரு கண்ணை, பாதி மட்டும் திறந்தேன்.

மூக்கில் விழுந்தது அடி.

“அய்யோ!” என்று எழுந்து உட்கார்ந்தபோது வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். என் மூக்கையும், நான் போர்த்தியிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என் தம்பி ஜாக்கெட்டுக்குள்ள என்னங்க பண்றீங்க?”

“ஒரு பரிசோதனை.”

“முடிவு மூக்குலயே எழுதியிருக்கு. தினம் எத்தனையோ பேரை ஊசியால குத்துறேன், ஒருத்தர் என்னைப் பிறாண்டினது கிடையாது. மேல வாங்க, சோப்புப் போட்டுக் கழுவணும். அப்புறம் நீங்களும் ஊசி போட்டுக்கத்தான் வேணும். அதுக்கும் முன்னாடி அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லணும்.”

அவளே சொன்னாள். மச்சான் தலையைத் துவட்டிய துண்டோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

“என் மேலயா? என் வயித்து மேலயா? எத்தனை நாளாக்கா?”

“உன் ஜாக்கெட்ல முடி கொட்ட ஆரம்பிச்ச நாள்லருந்து.”

“ஐயையோ! மாமா, உங்களுக்குத் தெரியுமா?”

நான் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டேன்.

திட்டத்தை நான்தான் வகுத்தேன். அவன் தூங்க வேண்டும். பூனை ஏறிப் படுத்ததும் அவனை மெல்ல எழுப்புவேன். அவன் ஜாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் மடித்து, பூனையை மூட்டையாக்கிக் கூடைக்குள் இறக்க வேண்டும். பஞ்சு கனம், நகம் இறங்காது. “நீ செஞ்சாத்தான் சரியா வரும் மாப்ள, உன் வாசனை அதுக்குப் பழகினது,” என்று காரணம் சொன்னேன். காரணம் பொய்யில்லை. ஆனால் பூனை தன்னைப் பிடித்துக் கட்டியவரை லேசில் மறக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சான் படுத்தான். தூக்கம் வந்தால்தானே? விறைத்துப்போய், கையைக் கட்டிக்கொண்டு, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். இப்போது அவனும் ஒன்றை எதிர்பார்க்கிறவன். சக்களத்தி கதவுகளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, அவனைப் பார்த்துச் சீறிவிட்டு உள்ளே போய்விட்டது.

எனக்கு மனசுக்குள் இனித்தது. மறைக்கத்தான் பார்த்தேன்.

“என்ன முகம் இவ்வளவு பளிச்சுனு இருக்கு?” என்றாள் மனைவி. “நாளைக்குச் சனிக்கிழமை. யாரு வயித்துல படுத்தா என்னங்க, பூனை இருந்தாத்தானே உங்களுக்குப் பொறாமைப்படவாவது முடியும்?”

சனிக்கிழமை காலை மச்சான் வேலையிலிருந்து நேராக வந்து கட்டிலில் விழுந்தான். கண்கள் சிவந்திருந்தன. நான் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

“சும்மா உக்காந்திருக்காதீங்க மாமா, ஏதோ பொணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கு. எதாவது பேசுங்க.”

“என்ன பேச?”

“உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க.”

எனக்குத் தெரிந்தது ஃபிரிட்ஜ்தான். தாழ்ந்த குரலில் ஆரம்பித்தேன். ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான் என்றேன். கம்ப்ரசர் வாயுவை அழுத்துகிறது, அழுத்தினால் சூடேறும், பின்பக்கத்துக் கம்பிச் சுருளில் அந்தச் சூடு இறங்கும், வாயு திரவமாகும் என்றேன். அந்தத் திரவம் நூல் கனத் துவாரமுள்ள செப்புக் குழாய் வழியாக உள்ளே போவதைச் சொல்லும்போது மச்சானின் வாய் திறந்துகொண்டது. அது மறுபடி ஆவியாவதற்குள் குறட்டை கேட்டது.

என் பேச்சு இவ்வளவு வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது.

பேச்சை நிறுத்தப் பயந்து தொடர்ந்தேன். சக்களத்தி வெளியே வந்தது. என் காலைத் தாண்டி, என்னைப் பொருட்படுத்தாமல், கட்டிலில் ஏறி, வட்டம் போட்டு, அவன் வயிற்றில் படுத்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

இப்போது அவனை எழுப்ப வேண்டும். அவன் மடிக்கட்டும், இன்றோடு இந்த வயிறும் பூனைக்குப் பகையாகட்டும். அதன்பின் நானும் அவனும் சமம். கையைக்கூட அவன் தோள்வரை கொண்டுபோய்விட்டேன். தொழிலில் கற்ற ஒன்று அங்கே குறுக்கே வந்தது. பழுதான மெஷினில் ஒரே ஒரு பாகம் ஒழுங்காக ஓடுகிறது என்றால், எந்தக் கோபத்திலும் அதைக் கழற்றக் கூடாது. இந்தப் பூனைக்கு உலகத்தில் பயமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மடியாக இல்லையே என்பதற்காக அதையும் கெடுத்துவிட்டால், அப்புறம் அது எல்லாரையும் அடிக்கும்.

ஜாக்கெட்டின் இரண்டு ஓரங்களையும் நானே பிடித்தேன். மடித்தேன். உள்ளே புயல் கிளம்பியது. காலர் பக்கம் ஒரு கால் வெளியே வந்து என் மணிக்கட்டை நீளமாகக் கிழித்தது. விடாமல் கூடைக்குள் இறக்கி மூடியைச் சாத்தினேன். கம்பிச் சந்து வழியாக அது என்னை, என்னை மட்டும், பார்த்துச் சீறியது.

மச்சான் விழித்தான். “ஏறிச்சா மாமா?”

“ஏறிச்சு.”

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஜாக்கெட்டின் மேலாகவே அழுத்திப் பிடித்து ஊசியைப் போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பிகிட்ட ஏதோ வசியம் இருக்கு,” என்று மச்சானின் முதுகில் தட்டினார். மனைவி என் மணிக்கட்டில் மருந்து போட்டுக்கொண்டே, “பரவாயில்ல, எங்க ஆளு,” என்றாள். தம்பியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பின்னறையிலிருந்து மச்சான் கூப்பிட்டான்.

“மாமா, தூக்கம் வரல. அந்தக் கம்ப்ரசர் கதையச் சொல்லுங்களேன். அது பாவம், ஒளிஞ்சுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குது.”

வயிறு எரிய எரியப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தெர்மோஸ்டாட். கொஞ்ச நேரத்தில் குறட்டை, அதற்குப் பின் சக்களத்தி, அதற்குப் பின் மோட்டார். மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் தூங்கியாச்சு. இன்னும் யாருக்குப் பாடம் நடத்துறீங்க?”

“நிறுத்தினா முழிச்சுக்கும்.”

“எது?”

சந்தேகம் எனக்கும் இருந்தது. நிறுத்திப் பார்த்தேன். மச்சான் அசையவில்லை. அவன் வயிற்றின் மேலிருந்து சக்களத்தி தலையைத் தூக்கி, சீறாமல், நான் இருந்த திசையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் தெர்மோஸ்டாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.