உள்ளங்கை உயரம்

அப்பா சுவருக்குள் நின்றுகொண்டிருந்தார்.

சுவர் என்பது தரையில் ஒட்டிய நீல டேப். மகளின் புது வீட்டு வெறும் சிமெண்டுத் தளத்தில் கூடம், படுக்கையறை, குளியலறை எல்லாம் நிஜ அளவில் கோடுகளாகக் கிடந்தன. கட்டியதை இடிப்பதைவிட ஒட்டியதைப் பிய்ப்பது சுலபம் என்று தச்சர் ஒரே வரியில் சொன்னதை உள்அலங்கார நிபுணர் அரைமணி நேரம் விளக்கியிருந்தார். இடம் பேசுமாம். நாம்தான் காது கொடுக்க வேண்டுமாம்.

"சார், சுவருக்குள்ள நிக்கறீங்க!" என்று பதறினார் நிபுணர்.

"உங்க சுவர் மரியாதை தெரிஞ்சது. தானா வழி விட்டுச்சு," என்றார் அப்பா.

தச்சர் இருமுவதுபோல் சிரித்தார். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவை இங்கே வந்து தங்கச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: எங்கும் கைப்பிடிக் கம்பி கூடாது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கறதுக்கு உன் வீடு எதுக்கு? ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்." கல்லூரி முதல்வராக இருந்தவர். எந்த மேடையிலும் யார் கையையும் பிடித்து ஏறியதில்லை என்பது அவரே அடிக்கடி எடுத்துரைக்கும் சரித்திரம்.

"காலையில எழுந்து பாத்ரூம் போற மாதிரி நடங்க சார். இயல்பா," என்றார் நிபுணர்.

"இயல்பா நடக்க ஒத்திகை வேறயா?"

கட்டில் என்று எழுதிய செவ்வகத்திலிருந்து அப்பா புறப்பட்டார். ராஜநடை. நாலாவது எட்டில் வலது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. திருப்பத்தில் மறுபடி நீண்டபோது உடம்பு லேசாகச் சாய்ந்து, சுதாரித்துக்கொண்டது. குளியலறைக் கோட்டருகே மூன்றாம் முறை.

எதைத் தேடுகிறது அந்தக் கை? மகள் மனதுக்குள் அப்பாவின் பழைய வீட்டை இந்தக் கோடுகள்மேல் விரித்துப் பார்த்தாள். நாலாவது எட்டில் சாப்பாட்டு மேசை. திருப்பத்தில் ஜன்னல் கம்பி. கடைசியில் பிரிட்ஜ். அப்படியென்றால் அந்த வீட்டில் அப்பா நடக்கவேயில்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குக் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறார். வாரம் தவறாமல் போய்வந்தவள் கண்ணில் அது படவேயில்லை.

"ஃப்ளோ பிரமாதம்! ஒரு தடை இல்ல பாருங்க," என்றார் நிபுணர்.

"அதாம்மா பயமா இருக்கு," என்றார் தச்சர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கம்பி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அப்பா இன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். சொல்லாவிட்டால் என்றைக்காவது விழுவார்.

"அப்பா, இந்தப் பக்கம் நெடுக புத்தக அலமாரி போட்டுடலாமா? தாழ்வா. உங்க புத்தகத்தை எல்லாம் வேற எங்க வைக்கறது?"

"ஐயோ மேடம், இந்த இடம் காலியா இருந்தாதான் மூச்சு விடும்," என்றார் நிபுணர்.

"அது மெதுவா விடட்டும் சார்," என்றார் தச்சர்.

அப்பா மகளையே பார்த்தார். பொய்க் காரணம் எழுதிய விடுப்புக் கடிதத்தை அந்தக் காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு தச்சரிடம் கேட்டார்: "மரம் உறுதியா இருக்குமா?"

"நானே மேல ஏறி நின்னு காட்டறேன் ஐயா. உயரம் மட்டும் சொல்லிடுங்க. புத்தகம் எடுக்க வசதியா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி பொருத்தாத சதுரத்துக்கு வெளியே, தெருவில் என்னவோ அதிசயம் நடப்பதுபோல் உற்றுப் பார்த்தார். வலது கை மட்டும் உடம்பைவிட்டு விலகி, உள்ளங்கை கவிழ்ந்து, காற்றின்மேல் ஊன்றியது. மகள் குனிந்து அளவு நாடாவின் நுனியைத் தரையோடு அழுத்திப் பிடித்தாள். தச்சர் நாடாவை மேலே இழுத்து அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோனார். கை அசையாமல் நின்றது.