விலகிப் போன அறை

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பொங்குகிற நேரத்தில், சர்வேயர் வீட்டில் மகளின் அறை பெரிய சத்தத்தோடு வீட்டிலிருந்து பிரிந்தது. லாரி ஏதோ சுவரில் மோதிவிட்டது என்று தெருவே வந்து எட்டிப் பார்த்தது. லாரி இல்லை, தூசிகூட இல்லை. தெருவைப் பார்த்த அந்த முன்னறைக்கும் ஹாலுக்கும் நடுவே, தரையிலிருந்து கூரை வரை, மடித்த செய்தித்தாளைச் செருகும் அளவுக்கு ஒரு சந்து விழுந்திருந்தது. அதன் வழியாக வெயில் உள்ளே வந்து சோபாவின் மேல் கோடாகப் படுத்துக்கொண்டது. மகள் பல் விளக்கியபடியே கதவைத் திறந்தாள், சந்தைப் பார்த்தாள், தாண்டி வந்து வாய் கொப்பளித்துவிட்டுக் காபி கேட்டாள்.

வீடு கட்டிக் கொடுத்த என்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். அஸ்திவாரம் கல்லு மாதிரி இருக்கிறது, இது கட்டடக் கோளாறு இல்லை, குடும்பத்தில் ஏதாவது பிரச்சனையா என்று கேட்டார். சர்வேயர் அவரைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தார்.

குடும்பத்தில் பிரச்சனை எதுவும் இல்லை என்பதுதான் ஊரறிந்த விஷயம். மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. சொந்தக்காரர்கள் மாட்டு டாக்டர் என்று கிண்டல் செய்தபோதெல்லாம் சர்வேயர் அவர்களை ஒரு முறை முறைத்தார். நுழைவுத் தேர்வு எந்த ஊரில் நடந்தாலும் லீவு போட்டு அழைத்துப் போய், மரத்தடியில் மற்ற அப்பாக்களோடு காத்துக் கிடந்தார். எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பம் போடும்மா, முடிவு உன்னுடையது என்று அவர் சொன்னதைக் கேட்டு அந்த அப்பாக்கள் தங்களுக்குள் வியந்து பேசிக்கொண்டார்கள். ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அறை பிரிவதற்கு முந்தின நாள் அங்கிருந்து ஹால் ஃபோனுக்கு அழைப்பு வந்தது. மகள் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். பெண் சேருகிறாளா என்று கல்லூரிக்காரர் கேட்டார். அதற்கு வெகு நிதானமாக, அவளுக்கு விருப்பமில்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் சர்வேயர். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டு முழுவதையும் கேட்டாள். அவர் ஃபோனை வைத்ததும் மறுபடி குழாயைத் திறந்தாள். அன்று மாலை, இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம் என்று அப்பா சொன்னபோது மகள் "சரிப்பா" என்றாள். அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி இருந்த கல்லூரியில் கணக்கியல் சேர்ந்தாள்.

அறை நிற்கவில்லை. வாரம் தவறாமல் சந்து அகலமாகிக்கொண்டே போனது. தச்சுவேலை செய்யும் தாய்மாமன் வந்து குறுக்கே ஒரு பலகை போட்டார். அது போதாமல் போனதும் நீளமாக இன்னொன்று போட்டார். மழைக்காலத்துக்குக் கைப்பிடி வைத்தார், தகரக் கூரையும் வைத்தார். நாலாவது பலகையோடு அளவு நாடாவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மாப்ளே, எல்லாப் பொண்ணும் கல்யாணத்துக்கு அப்புறம் தனிக்குடித்தனம் போவா. உங்க பொண்ணு மாப்பிள்ளை தொல்லையே இல்லாம போயிட்டா. செலவு மிச்சம்னு நெனச்சுக்குங்க."

சர்வேயர் சிரிக்கவில்லை. அவர் தினமும் ஆபீஸ் போகும் முன் ஹாலின் நடுவில் முக்காலியை விரித்து, அதன்மேல் கருவியைப் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அறையின் தூரத்தை அளந்தார். ஊரில் அவர் வேலைக்கு நல்ல பெயர். வரப்புச் சண்டையில் வெட்டிக்கொள்ளத் தயாராக நிற்கும் அண்ணன் தம்பிகூட அவர் வைத்த முளைக்குச்சிக்குக் கட்டுப்படுவார்கள். காரணம், வழக்காடுகிற எந்தக் கட்சிக்காரரின் சுவரையும் அவர் நம்ப மாட்டார். தெருவில் அரசாங்கம் நட்ட கல்லிலிருந்துதான் டேப்பை இழுப்பார். இங்கே மட்டும் அதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சொந்த வீடு, சொந்த ஹால். நகர்வது அறைதான் என்பதைக் கண்ணே சொன்னது.

வருஷங்கள் போயின. மின்சார வயர் மட்டும் அறுபடாமல் ரப்பர் போல நீண்டு வந்தது. மின்வாரியம் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. தபால்காரர் அறைக்கு வரும் கடிதங்களைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கப் பழகினார். மகள் முதலில் சாப்பாட்டுக்கு மட்டும் பலகை ஏறி வந்தாள், பிறகு ஸ்டவ் ஒன்று வாங்கிக்கொண்டாள். காலையில் கணக்கு படித்தாள். சாயங்காலத்தில் நொண்டும் நாய், கண் திறக்காத பூனைக்குட்டி என்று தெருவே அவள் அறை வாசலில் வரிசை கட்டியது. கட்டுப் போடுவதும் மருந்து புகட்டுவதும் பழைய புத்தகங்களைப் பார்த்தே கைவந்திருந்தன. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. அவள் மிஞ்சிய பஞ்சையும் களிம்பையும் பலகையின் நடுவில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிவிடுவாள். மகளும் அவள் போன பிறகுதான் வந்து எடுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி தொடங்கியிருந்தது. வாசல் கேட்டுக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, வயசாகிறது என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் முன்பெல்லாம் அவள் அடுப்புக்கு நேராக இருக்கும், அங்கே என்ன தாளிக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லலாம். இப்போது அந்த இடத்தில் வெறும் வேலிதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இடித்துக் கட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

சர்வேயர் வேறு மனிதராகியிருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் பெற்றவர்கள் அவரிடம் யோசனை கேட்டு வருவார்கள். மகளை இஷ்டப்படி விட்ட அப்பா என்ற பெயர் இன்னும் போகவில்லை. பிள்ளைகளை நம்புங்கள் என்று சொல்லி வந்தவர், மூன்றாம் வருஷம் அதைக் கைவிட்டார். உயிரைக் கொடுத்து வளர்த்தாலும் ஒருநாள் விலகித்தான் போவார்கள், நாம் என்ன குறை வைத்தோம் என்று அவர்களுக்குத் தோன்றாது, நம்பிக் கெட்டதற்கு என் வீடே சாட்சி என்று தூரத்து அறையைக் கைகாட்டுவார். வந்தவர்கள் அறையைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளின் கல்லூரிப் பட்டியலில் இருந்த வெளியூர்களை எல்லாம் அடித்தார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளில் காலையில் சத்தம் கேட்டது.

மகள் கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்திருந்த சமயம். பின்மனைக்காரர் நேராகச் சமையலறை வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"சார், நீங்க பெரிய உத்தியோகஸ்தர், சொல்லக் கூடாது. ஆனா என் தக்காளிப் பாத்தியில உங்க சமையல்கட்டு நிக்குது. காய் பறிக்கணும்னா உங்க அடுப்பைத் தாண்டிப் போகணும்."

சர்வேயர் கோபமாகத்தான் கிளம்பினார். அந்த ஆளின் வேலியைச் சரியான இடத்தில் காட்டிவிட வேண்டும் என்று கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, நெடுந்தூரம் நடந்து, தெருவோரக் கல்லுக்கு வந்தார். அடுத்தவர் வழக்கு என்பதால் அன்று அவர் கை பழக்கப்படியே வேலை செய்தது. கல்லிலிருந்து கேட்டுக்கு அளந்தார், சரியாக இருந்தது. கேட்டிலிருந்து மகளின் அறைக்கு அளந்தார். வீடு கட்டிய அன்று அவரே பதிந்து வைத்திருந்த அளவு, ஒரு விரற்கடைகூட மாறாமல் வந்தது. மறுபடி அளந்தார். பிறகு தலையைத் தூக்கி, தன் ஹாலும் சமையலறையும் மாடிப்படியும், அந்நியர் நிலத்தின் நடுவே, துணி காய்கிற கொடியோடு நிற்பதைப் பார்த்தார். பின்மனைக்காரர் வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் சொன்னது சரி என்று சர்வேயர் ஒப்புக்கொண்டார். பாத்திக்கு வாடகை பேசிக்கொள்ளலாம், வீடு இன்னும் நகர்ந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதற்கும் பின்னால் இருந்த வேலிக்காரரும் வந்து தன் கிணற்றைப் பற்றி இப்போதே பேசி வைத்துக்கொண்டார். அம்மாவிடம் விஷயம் சொல்லப்பட்டது. அவள் கேட்டையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடித்துணியை எடுக்கப் போய்விட்டாள்.

மகள் அறை வாசலில் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் போட்டு அதன் காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சர்வேயர் முக்காலியை இறக்கி வைத்தார். அவளிடம் வந்து பேசி வெகு நாளாகியிருந்தது. அளவிலிருந்தே ஆரம்பித்தார்.

"இவ்வளவு நாளா தப்பா அளந்திருக்கேம்மா. உன் ரூம் இருந்த இடத்துலதான் இருக்கு. வீடுதான் போயிருக்கு. ஏன்னு தெரியல."

அவள் பட்டையின் முனையைப் பல்லால் கிழித்து முடிச்சுப் போட்டாள். ஆட்டுக்குட்டியைக் கீழே விட்டு, அது கால் ஊன்றுகிறதா என்று பார்த்தாள். ஊன்றியது.

"அன்னிக்கு நான் நூலகத்துக்குப் போகலப்பா, என் ரூம் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன், ஃபோனை வெச்சுட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அப்பவே வீடு கிளம்பிடுச்சு."