மேவிஸ் வெட்டிய கேக்

அந்த மலைக்கிராமத்து வாசிப்புக் குழு மாதம் ஒரு வீட்டில் கூடும். கேக் சுட்டவரே எழுந்து முதல் துண்டை வெட்ட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். இந்த முறை சிரில், மேவிஸ் தம்பதியின் வீடு. ஆட்டுப்பண்ணையை ஆள்வது மேவிஸ்தான். டிராக்டர் ஓட்டுவாள், சந்தையில் கறாராக விலை பேசுவாள். அடுப்பு சிரிலுடையது. ஆட்டுக்குட்டி செத்தால் அழுகிறவனும் அவன்தான். இருவருக்கும் அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் அடுப்பும் அழுகையும் தன்னுடையவை என்று ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் சிரில்.

அன்றைக்கு எடுத்தது ஒரு பழைய நாவல். அதில் ஜூடித் முரட்டுக் குதிரைகளை அடக்குவாள். அவளைக் காதலிக்கும் ஆம்ப்ரோஸ் கிழிந்த துணி தைப்பான், பொசுக்கென்று கண்ணீர் விடுவான்.

"இவனெல்லாம் ஒரு ஆம்பளையா? பாவாடையைக் கட்டிவிட வேண்டியதுதான்" என்றான் பக்கத்துப் பண்ணை கிளிஃபர்ட்.

"அவன் என்ன தப்பு பண்ணான்? அவ கால் ஒடிஞ்சு கெடந்தப்ப பக்கத்துல இருந்தது அவன்தானே" என்றாள் மேவிஸ்.

"நீ சொல்லு சிரில்" என்றான் கிளிஃபர்ட்.

சிரிலுக்கு ஆம்ப்ரோஸ் என்றால் உயிர். அழுதுகொண்டேதான் படித்து முடித்திருந்தான். "எனக்கும் சகிக்கல. சரியான பொம்பளைச் சட்டி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மேவிஸைத் தவிர.

தேநீரோடு உலர்பழக் கேக்கும் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்தன. மேவிஸ் கத்தியைச் சிரில் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன பாத்துட்டு இருக்க? வெட்டு மேவிஸ்" என்றான்.

அவள் எழுந்து வெட்டினாள். துண்டு கோணலாகி உதிர்ந்தது.

"பழத்தை எவ்வளவு நேரம் ஊற வச்சே?" என்று கேட்டாள் கிளிஃபர்டின் மனைவி டோரீன்.

"ஞாபகம் இல்ல."

"சுட்டவளுக்கே ஞாபகம் இல்லையாம். உங்க பாடு கஷ்டந்தான் போங்க சிரில்."

வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வெட்கத்தில் அவன் காது சுட்டது. ஆனாலும் அந்தக் கோழை அந்தப் பரிதாபத்தையும் கூசாமல் வாங்கிக்கொண்டான்.

மேவிஸ் ஒரு பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள். "நல்லா இருக்கா?" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

அதுவரை பொறுத்திருந்த மேவிஸின் முகம் அப்போதுதான் வாடியது. "ஆட்டைப் பாத்துட்டு வரேன்" என்று மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை. தலையைக் குனிந்தபடி, தான் சுட்ட கேக்கை மென்றுகொண்டிருந்தான்.