பல் டாக்டரின் பவளப்பாறை

பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. வருகிறவர்கள் பயத்தை மறந்து வேடிக்கை பார்க்கட்டும் என்று ஆசையாக வாங்கி வைத்தது. ஆனால் அதில் விட்டிருந்த சிக்லிட் மீன்கள் அழகில் எப்படியோ, அடாவடியில் அதைவிட ஒரு படி மேல். நீல நிறத்தில் பெரிய மீன் ஒன்று மஞ்சள் மீன்களைத் துரத்தித் துரத்திக் கடித்தது. பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வர்றேன்" என்று நழுவினார்கள்.

"வெட்டவெளியில விட்டா சண்டைதான் போடும். பொந்து இருக்கிற கல்லா பார்த்து அடுக்குங்க" என்றார் மீன் கடைக்காரர்.

டாக்டரின் மச்சான் கடல் மீன் வளர்த்துக் கைவிட்டவர். அவர் வீட்டில் காய்ந்த பவளப்பாறைக் கல் ஒரு மூட்டை கிடந்தது. நல்ல தண்ணீர் மீனுக்குக் கடல் கல் ஆகுமா என்று டாக்டர் கடைக்காரரிடம் கேட்டார்.

"அது சுண்ணாம்புக் கல்லு, தண்ணிய கடினமாக்கும். வேற மீன்னா வேண்டாம்னுவேன். உங்களோடது அந்த மாதிரி தண்ணி இருக்கிற ஏரியில வாழற ஜாதி, ஒத்துக்கும். ஆனா நல்லா ஊற வச்சுக் கழுவாம போட்டுடாதீங்க."

வீட்டில் ஊற வைக்க மனைவி விடவில்லை. "எங்க அண்ணன் கழிச்சுக் கட்டினதுக்கு என் வாளிதான் கிடைச்சுதா?" ஆகவே கிளினிக்கின் பின்னறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் கற்களைப் போட்டுவிட்டு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விட்டார்.

கல்லின் ஓட்டைகளுக்குள் எப்போதோ செத்துக் காய்ந்த புழுவும் சிப்பியும் ஊறி அழுகத் தொடங்கின. திங்கட்கிழமை கிளினிக்கைத் திறந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. டாக்டருக்கோ கடும் ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை. வரவேற்பில் இருந்த அக்கா, சொல்ல நாக் கூசி, அவர் மேசையில் இரண்டு புதினா மிட்டாயை வைத்துவிட்டுப் போனார்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் நாறுவது தன் வாய்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். பல் கிளினிக்கில் வேறு எதைச் சந்தேகிப்பது? கைக்குட்டையால் வாயைப் பொத்தி, நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் உள்ளே வந்தவர் ஒரு பேங்க் அதிகாரி. கூடவே அவர் மனைவி. "கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், கேட்டாரா?" என்றாள்.

டாக்டர் பார்த்தார். "உங்க வாய்ல ஒரு குறையும் இல்லையே சார்."

"மறைக்காதீங்க டாக்டர். எனக்கே அடிக்குது."

"எனக்கு மூக்கு அடைச்சிருக்கு. எப்படி அடிக்குது?"

"கடலே செத்துப்போன மாதிரி."

டாக்டருக்குப் பொறி தட்டியது. டப்பைச் சத்தமில்லாமல் பின்பக்கம் கொட்டியிருக்கலாம். ஆனால் வெளியே ஒரு கூட்டமே குற்றவாளிகள் போல உட்கார்ந்திருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் உள்ள வாங்க. நாத்தம் உங்களோடது இல்ல."

வரிசையாகப் பின்னறைக்குப் போய் மோந்து பார்த்தார்கள். போன முகம் வேறு, வந்த முகம் வேறு. மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் திரும்பவும் போய் உறுதி செய்துகொண்டு வந்தார். பேங்க் அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கடைசியாகப் போன அவர் மனைவி நிதானமாக வெளியே வந்தாள்.

"கல்லு ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல" என்றாள்.

அதன் பிறகு டாக்டர், பல் காரை சுரண்டும் பழைய கருவி ஒன்றை எடுத்துக் கல்லின் ஒவ்வொரு ஓட்டையையும் குடைந்தார். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்தார். வாடை அறவே போனபின் தொட்டியில் அடுக்கினார். மஞ்சள் மீன்கள் ஆளுக்கொரு பொந்தைப் பிடித்தன. நீல மீனுக்குத் தன் வாசலைக் காப்பதிலேயே பொழுது போனது.

சில வாரங்கள் கழித்து அக்கா ஓடிவந்தார். "டாக்டர், ஒரு மஞ்சளுக்குத் தாடை வீங்கியிருக்கு. தீனியும் எடுக்கல."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சீழ் கட்டியிருக்குமோ என்று பயந்து கடைக்காரருக்கு போன் போட்டார்.

"முட்டைய வாய்ல வச்சு அடைகாக்குது. தயவுசெஞ்சு வாயத் திறக்க வச்சுடாதீங்க."

ஒரு நாள் காலை அந்த மீன் பொந்து வாசலில் வாயைத் திறந்தது. கடுகளவு குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கா கூப்பிட்ட குரலுக்கு, பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் வந்தார். அவர் பின்னாலேயே அந்த நோயாளியும் வாயில் பஞ்சோடு வந்து நின்று எட்டிப் பார்த்தார்.