மாடியறைப் படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் அண்ணி கூடத்து நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டாள். டிவிக்கு எதிரே வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று கலைத்தாள். மறுபடியும் வரிசையாகவே போட்டாள்.

"அவங்களுக்கு நம்ம வீடு எதுவரைக்கும்டி தெரியும்?" என்று மகளைக் கேட்டாள்.

டிவியின் தலையில் ஒரு சின்னக் காமிராவை ஒட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்: "எல்லாம் தெரியும்மா. கொடியில காயற உன் நைட்டி ரெண்டும் பளிச்சுன்னு தெரியுது."

கொடி அடுத்த நிமிடமே காலியானது.

பிறந்தநாள் பாப்பாவுக்கு. பாப்பா என்றால் நாற்பத்தைந்து வயது முடிந்த பாப்பா. அவள் பிறந்த அன்று அண்ணன் வைத்த பெயர். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் ஓய்ந்துபோனார்கள், காரணங்களும் ஓய்ந்தன.

ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசி ஏறப்போகிறது என்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் பல்லைக் கடிக்கத் தயாராவதற்குள் அவள் குத்தி முடித்திருப்பாள். வாய் அதுபாட்டுக்கு வெயிலைப் பற்றியோ வராத பஸ்ஸைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். முக்கியமான விஷயத்தை எதிராளி சுதாரிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது வேலையில் அவள் கற்றது. வீட்டில் அது ஒருநாளும் பலித்ததில்லை.

சாயந்திரம் வேலை முடிந்து வந்தால் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மொபைலில் மூன்று பேர் காத்திருப்பார்கள். ஒரு படத்தைச் சில்லுச் சில்லாக வெட்டி இணையத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாயடித்தபடியே அதை ஒன்று சேர்க்க வேண்டும். மாட்டு டாக்டரம்மா ஒருத்தி, கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், கைக்குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து கிசுகிசுப்பாகவே பேசும் ஒரு சின்னப் பெண். படம் சேர்ப்பதைத் தவிர இவர்களுக்குள் பொதுவாக எதுவும் கிடையாது. படத்தின் மூலைகளை முதலில் கண்டுபிடிப்பவள் என்பதால் அங்கே பாப்பாவுக்கு மூலையக்கா என்று பெயர்.

"இன்னைக்கு எப்படிப் போச்சு, மூலையக்கா?" என்று தினமும் கேட்பார்கள். மாட்டிக்கொண்டாள் என்றால் அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அன்பு இல்லாமல் இல்லை. சம்பளக்காரனாக இருந்த அண்ணன் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, வீடுகளுக்கு அலமாரி செய்து மாட்டும் தொழிலில் இறங்கினான். ஏன் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. அண்ணி ஒரு வாரம் கண் சிவந்து திரிந்தபோது எல்லோரும் அவளுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தார்கள், காரணம் மட்டும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரவரே சொல்வார்கள், அதுவரை குடைவது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். அப்படியே வளர்ந்துவிட்ட பாப்பாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை, வேறு இடத்தில் கேள்வி கேட்கிறவர்களைச் சந்திக்கும் வரை.

மாட்டு டாக்டரம்மா புருஷனை இழந்தவள். பெரிய வீடு, மாடி சும்மா கிடந்தது. "நீ வந்து இரேன்" என்றாள். அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பாப்பாவுக்கு வேலையும் சொல்லி வைத்தாள். அடுத்த மாதம் சேர வேண்டும். பாப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன நடக்கும் என்பதை ராத்திரி ராத்திரியாக ஒத்திகை பார்த்திருந்தாள். அண்ணி, "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்று கேட்பாள். அதற்குப் பதில் இருந்தது. அண்ணன் மகள் கட்டிக்கொண்டு அழுவாள். அதற்கும் ஒரு பதில். அண்ணனுக்குத்தான் பதில் இல்லை. "போகாதே பாப்பா" என்று அவன் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அவள் பெட்டியைப் பிரித்துவிடுவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போகவும் வேண்டும், அவன் வாயைத் திறக்கவும் கூடாது. கேக் வெட்டிய கையோடு, எல்லோர் வாயிலும் கேக் இருக்கும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

டிவியில் மூன்று முகங்கள் வந்தன. அண்ணி மரியாதையாக எழுந்து நின்று கும்பிட்டாள். கிரேன்காரர் டை கட்டியிருந்தார், கீழே லுங்கி. தண்ணீர் குடிக்க எழுந்தபோது அது ஊருக்கே தெரிந்தது. சின்னப் பெண் பழக்கதோஷத்தில் கிசுகிசுத்தாள், குழந்தை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு மடியில் உட்கார்ந்திருந்தது. மாட்டு டாக்டரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அண்ணன், தெருநாய் ஒன்று ஓயாமல் காதைச் சொறிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். டாக்டரம்மா கடமை தவறாமல் மருந்து சொன்னாள்.

கேக் வெட்டினாள். அண்ணி முதல் துண்டை டிவிக்கு முன்னால் நீட்டி, "உங்களுக்குத்தான் கொடுக்க முடியலை" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். எல்லோர் வாயிலும் கேக் இருந்தது. பாப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"படம், படம்!" என்று கத்தினார் கிரேன்காரர்.

அந்தக் கூட்டத்துக்கென்று பிறந்தநாள் முறை ஒன்று உண்டு. ஒருவர் ரகசியமாக ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டி வைப்பார். மற்றவர்கள் சேர்ப்பார்கள். பிறந்தநாள்காரர் தொடக் கூடாது, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கடைசிச் சில்லு மட்டும் அவருக்கு. இந்தத் தடவை வீட்டுக்காரர்களும் சேரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். படமும் அவளுடையதுதான்.

அண்ணன் மகள் மவுஸைப் பிடித்தாள். அண்ணன் டிவிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு, "அந்த நீலம்... இல்லம்மா, அதுக்குக் கீழ" என்று விரலால் குத்திக் காட்டினான். அளவெடுக்கிற கண்ணுக்குச் சில்லுகள் சுலபமாகச் சிக்கின. முதலில் ஒரு சுவர் வந்தது. அப்புறம் ஜன்னல். ஜன்னலில் பச்சைத் திரை.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் பாப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பச்சை. போன வாரம் கடையிலிருந்து டாக்டரம்மா திரைத்துணிகளைப் படம் பிடித்து அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டாள். பாப்பா வீட்டில் சொல்லியிருப்பாள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். எப்படி நம்பாமல் இருப்பாள்? தினமும் எல்லாவற்றையும் பேசுகிறவள் இதை மட்டும் வீட்டில் பேசாமல் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

"டீ போடட்டுமா? கொஞ்சம் நிறுத்திட்டு டீ குடிக்கலாம்" என்றாள் பாப்பா.

"உட்காரு பாப்பா, உன் பொறந்தநாளுக்கு நீ டீ போடுவியா?" என்று அண்ணி அவள் தோளை அமுக்கினாள்.

கட்டில் வந்தது. மேஜை வந்தது. மேஜை மேல் சாவி ஒன்று, ரிப்பன் கட்டி. ஒரே ஒரு சில்லு பாக்கி. படம் முழுசாகத் தெரிந்துவிட்டது.

"யாரு ரூம் இது? எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றாள் அண்ணி.

"உங்க பாப்பாவோட ரூம்தாங்க!" டாக்டரம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "அடுத்த மாசம் வந்து இறங்கறா இல்ல? எல்லாம் தயார்."

கூடத்தில் எல்லோரும் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். டிவியில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"நீ... இன்னும் சொல்லலையா?" என்றாள் டாக்டரம்மா.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பேசாம பூனைப் படம் போடலாம்னு" என்றார் கிரேன்காரர், யாரிடம் என்றில்லாமல்.

பாப்பா எழுந்து நின்றாள். "அண்ணா, நான் இன்னைக்குச் சொல்லணும்னுதான்..." என்று ஆரம்பித்து மென்று விழுங்கினாள்.

"தெரியும் பாப்பா" என்றான் அண்ணன்.

"என்ன தெரியும்?"

"நீ கதவைச் சாத்திட்டுப் பேசறது கூடத்துல கேக்கும். ரொம்ப நாளாவே தெரியும். நீயா சொல்லுவன்னு இருந்தோம்."

"கேட்டா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்" என்றாள் அண்ணி. கோபம் இல்லை, குரலில் ஒரு நடுக்கம் கூட இல்லை. "நல்ல ரூமாத்தான் இருக்கு. ஜன்னல் பெருசு. எனக்கு மனசுக்கு நிம்மதி."

அண்ணன் மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அத்தை, அப்ப உன் ரூம் எனக்குத்தானே? அப்பா அப்பவே சரின்னுட்டார். அலமாரிக்குப் பலகை கூட வாங்கியாச்சு."

டிவியில் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன அருமையான குடும்பம்! நான் எவ்வளவு பயந்துபோய்ட்டேன் தெரியுமா?" என்றாள். சின்னப் பெண் கைதட்டினாள். குழந்தையும் தட்டியது. பாப்பாவின் கையில் மவுஸைத் திணித்தார்கள். அவள் கடைசிச் சில்லை வைத்தாள். அது சுவரின் ஒரு துண்டு, வெறும் வெள்ளை. எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள்.

பாப்பா காத்திருந்தாள். இதோ, இப்போது அண்ணியின் கேள்வி வரும் என்று நினைத்தாள். அண்ணி இரண்டாவது துண்டு கேக்கை அவள் தட்டில் வைத்தாள். அந்த ஊரில் வெயில் எப்படி, பஸ் எப்படி, தண்ணீர் எப்படி என்று டாக்டரம்மாவை விசாரித்தாள். இத்தனை வருடத்தில் அண்ணி வாயிலிருந்து இத்தனை கேள்விகள் வந்து பாப்பா கேட்டதில்லை. தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று தெரிந்தது. தயாராக வைத்திருந்த பதில்களை யாருமே கேட்கவில்லை. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் பாப்பாவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"பாப்பா, ஒரு நிமிஷம் வாயேன்" என்று உள்ளேயிருந்து அண்ணன் கூப்பிட்டான்.

அவள் அறையில்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் இடுப்பில் தொங்கும் அளவு டேப்பை இழுத்து, ஒரு முனையை அவளிடம் நீட்டினான். "அந்த மூலையில பிடி. சுவர் அளவு வேணும். நீ போனப்புறம் உன் சாமானெல்லாம் இல்லாம எனக்கு இந்த ரூமுக்குள்ள வந்து அளக்க வராது."

அவள் பிடித்தாள். அவன் மறுமுனைக்குப் போய்ச் சுவரோரம் குனிந்தான். கூடத்தில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள், டிவியிலிருந்தும் சிரிப்பு வந்தது.

"கதவு உள்பக்கம் திறக்கும். அதைக் கழிச்சுக்கோ" என்றாள் பாப்பா.

"ம்" என்றான்.

அளவைச் சொல்லவில்லை. குனிந்தபடியே இருந்தான். பாப்பா அந்த வீட்டில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

"அண்ணா, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?"

அண்ணன் நிமிரவில்லை. டேப்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரிடம் சொல்வது போலச் சொன்னான்.

"சொன்னா நீ இருந்துடுவ, பாப்பா."

பாப்பாவுக்கு அழுகை வந்தது. முனையைப் பிடித்திருந்த கையை எடுக்க முடியாததால் தோளிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "இருந்துடுவேன்."

அண்ணன் அளவைப் படித்தான். மறுபடி ஒரு தடவை படித்தான். பிறகு இருவரும் அடுத்த சுவருக்குப் போனார்கள்.