இந்த மருத்துவரிடம் மறுபடி வருவீர்களா?

பதினோரு வருஷமா நான் நோயாளி. உடம்புல ஒரு கோளாறும் கிடையாது, எல்லாம் நடிப்புதான்.

தைவான்ல காவோசியுங் நகரத்துல ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் என் பேர்ல இருக்கற பாவ்-சூ டிபன் கடைன்னா எல்லாருக்கும் தெரியும். முட்டை ரொட்டி, முள்ளங்கி கேக், சோயா பால். பதினோரு மணிக்குக் கல்லைச் சுரண்டிக் கழுவி, ஷட்டரை இறக்கிட்டு, தலையை வாரிக்கிட்டு மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிடுவேன். நிஜ நோயாளியைத் தொடறதுக்கு முன்னாடி மாணவங்க எங்களை மாதிரி நடிப்பு நோயாளிகள்கிட்டதான் கை பழகணும். எனக்கு வயித்து வலி வரும், மயக்கம் வரும், ரெண்டு தடவை மாரடைப்புகூட வந்திருக்கு. அதைப் பாத்துட்டு ஒரு பையன் அழுதே போட்டான்.

மணி அடிக்கிற வரைக்கும் வேஷத்தைக் கலைக்க மாட்டேன், அதுதான் என் பெருமை. ஒரு தடவை நிலநடுக்கம் வந்து விளக்கெல்லாம் ஆடுச்சு. மார்க் போட வந்த டாக்டர் மேஜைக்கு அடியில போய்ப் பதுங்கிட்டார். நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறதை நிறுத்தவே இல்ல. இன்னிக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் புதுசா வர்றவங்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவாங்க.

போன அக்டோபர்ல வெளிநாட்டு மாணவங்களுக்கான கைப்பயிற்சி மாநாடு நடந்துச்சு. தாய்லாந்து, இந்தோனேசியா, ஜப்பான், இன்னும் எங்கெங்கேயிருந்தோ வந்திருந்தாங்க. சனிக்கிழமை காலையில பூரா பயிற்சி. ரப்பர் கையில ஊசி குத்தினாங்க, பிளாஸ்டிக் மார்பை அமுக்கினாங்க, பன்றித் தோல்ல தையல் போட்டாங்க, அஞ்சாவது மாடியே சிரிப்பும் சத்தமுமா இருந்துச்சு. மத்தியானம் பரீட்சை. வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு அந்தச் சான்றிதழ் சுவத்துல மாட்டற படம். இங்கேயே படிக்கற வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு அப்படி இல்ல. அதுல தேறினாத்தான் அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்குள்ள பயிற்சிக்கு விடுவாங்க.

எனக்குக் கொடுத்த வேஷம் திருமதி வூ. நாப்பத்தஞ்சு வயசு, நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்ல, புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஆறு வருஷமா இதே வேஷம்தான், ஒரு மாணவருக்கு எட்டு நிமிஷம்.

காலையில கடையில என் வீட்டுக்காரர் ஆ-ஃபா சோயா பாலை ஆத்திக்கிட்டே கேட்டார். "இன்னிக்கும் நான் உன்னை விட்டுட்டுப் போறேனா?"

"எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை போற."

"நல்ல வேளை. அந்த எட்டு நிமிஷமாவது நிம்மதியா இருக்கேன்."

"யோவ், பால் பொங்குது பாரு!"

எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு. நாங்க நல்லா இருக்கற ஆளுங்க, இல்லாத நோயை உடம்புல எப்படிக் காட்டறது? அதனால மாணவர் "கழுத்தைப் பாக்கறேன்"னு சொல்லித் தொட்டதும், மூலையில உக்காந்திருக்கற டாக்டர் ஒரு அட்டையை நீட்டுவார். 'கழுத்து: இயல்பு'ன்னு அதுல அச்சடிச்சிருக்கும். படிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடணும். எல்லாருக்கும் இது பழகிப் போச்சு. ரெண்டு விரலை வெப்பாங்க, எடுப்பாங்க, அட்டைக்குக் கையை நீட்டுவாங்க. ஆறு வருஷத்துல முந்நூறு பேராவது என் கழுத்தைத் தொட்டிருப்பாங்க. தொட்டாங்கன்னு சொல்றது சும்மா மரியாதைக்கு.

அன்னிக்குப் பதிமூணாவதா வந்தவ லின்டெல்வா. ஆப்பிரிக்காவுல எஸ்வாட்டினி நாட்டுப் பொண்ணு. நெடுநெடுன்னு உயரம், முடியைச் சின்னச் சின்னதாப் பின்னி மேல தூக்கிக் கட்டியிருந்தா. இங்கேயே நாலு வருஷமாப் படிக்கறவ, எங்க மொழியை நிதானமாப் பேசினா. மத்த பன்னெண்டு பேருக்காக நான் மனப்பாடம் பண்ணின பதினாலு வரி இங்கிலீஷைத் திரும்ப ஒப்பிக்க வேண்டாம்னு எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கையைத் துடைச்சுட்டு வந்து உக்காந்தா. படபடப்பு எப்பலேர்ந்துன்னு கேட்டா. புருஷன் போன கதையைச் சொன்னேன், கண்ணுல தண்ணி வரவழைச்சேன். அவ அப்படியே கேட்டுக்கிட்டிருந்தா. அப்புறம் எழுந்து என் பின்னாடி வந்து ரெண்டு கையையும் கழுத்துல வெச்சா.

வெச்சவ எடுக்கவே இல்ல.

"அம்மா, எச்சில் முழுங்குங்க."

முழுங்கினேன்.

"இன்னொரு தடவை." மேஜை மேல இருந்த தம்ளரை எடுத்து என் கையில கொடுத்தா. "தண்ணியைக் கொஞ்சம் வாயில வெச்சுக்கோங்க. இப்ப முழுங்குங்க."

மூலையில ஷியே டாக்டர் அட்டையை நீட்டிட்டார். அவ அதைப் பாத்தா, என் கழுத்தைப் பாத்தா. கை மட்டும் நகரல.

"அட்டையில இயல்புன்னு போட்டிருக்கு டாக்டர். ஆனா இடது பக்கம் என் விரலுக்கு அடியில ஒரு கட்டி இருக்கு. முழுங்கறப்ப மேல போகுது."

"அட்டையில என்ன இருக்கோ அதை எடுத்துக்கோம்மா. நேரம் போகுது."

அவ குனிஞ்சு என்கிட்ட மெதுவாக் கேட்டா. "அம்மா, இது நிஜமாவே உங்களுக்கு இருக்கா? யாராவது சொல்லியிருக்காங்களா?"

நான் என்ன பண்ணியிருக்கணும்? நின்னு யோசிச்சிருக்கணும். ஆனா நான்தான் நிலநடுக்கத்துக்கே அசையாதவளாச்சே! ஸ்கிரிப்ட்ல இல்லாததைக் கேட்டா 'இல்ல'ன்னு சொல்லணும்னு பாடம். திருமதி வூவாவே முகத்தை வெச்சுக்கிட்டு, "இல்லீங்க டாக்டர், எனக்கு அப்படி எதுவும் கிடையாது"ன்னு சொன்னேன்.

மணி அடிச்சுடுச்சு. தூக்கத்தைப் பத்தி அவ கேட்கவே இல்ல, சிகிச்சை எதுவும் சொல்லவும் இல்ல, பாதி பரீட்சை அப்படியே கிடந்துச்சு.

மணி அடிச்சதுக்கு அப்புறம் ஒரு நிமிஷம் எங்களுக்கு. நோயாளியா உக்காந்து எப்படி இருந்துச்சுன்னு மாணவர்கிட்ட சொல்லணும். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏம்மா, கழுத்தா, மாவா? இந்தப் பிசை பிசையறே! நோயாளியைப் பயமுறுத்தறதா டாக்டர் வேலை?"ன்னு கேட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க"ன்னா. கதவுகிட்டப் போனவ திரும்பி நின்னா. "ஆனா தயவுசெஞ்சு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. திருமதி வூ இல்ல, நீங்க."

போன பிறகு மார்க் தாளை எடுத்தேன். எங்க தாள்ல கடைசிக் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: 'இந்த மருத்துவரிடம் மறுபடி வருவீர்களா?' ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் போடலாம். நான் பேனாவை அழுத்தி ஒண்ணு போட்டுப் பெட்டிக்குள்ள தள்ளினேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போயும் கோவம் அடங்கல. "என்னைப் போய் நோயாளிங்கறா"ன்னு குதிச்சேன். ஆ-ஃபா சாப்பிட்டுக்கிட்டே, "நீ வாங்கற சம்பளமே அதுக்குத்தானே"ன்னார். அப்புறம் சாப்பிடற குச்சிகளைக் கீழ வெச்சுட்டு, "எங்க, காட்டு"ன்னு கிட்ட வந்தார். நாப்பது வருஷமா விடியறதுக்கு முன்னாடி சோயா பயறு ஊறிடுச்சான்னு விரலால நசுக்கிப் பாக்கற மனுஷன்.

"முழுங்கு."

முழுங்கினேன். அவர் என் கையைப் பிடிச்சு அந்த இடத்துல வெச்சார். ஊறின பயறு ரெண்டைச் சேத்து வெச்சாப்பல இருந்துச்சு. நான் முழுங்கினா அதுவும் கூடவே ஏறி இறங்குச்சு.

"திங்கக்கிழமை கடை லீவு"ன்னார். புத்தாண்டைத் தவிர லீவே விடாதவர்.

ஞாயித்துக்கிழமை மாநாட்டு முடிவு விழா. நடிப்பு நோயாளிங்க எங்களுக்கு முன் வரிசையில இடம் போட்டிருந்தாங்க. பேரு பேராக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தாங்க. லின்டெல்வாவைக் கூப்பிடல. அவ பின் வரிசையில உக்காந்து மத்தவங்களுக்குக் கை தட்டிக்கிட்டிருந்தா. நான் கழுத்துல கை வெச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இன்னும் ஸ்கேன் எடுக்கலையே, ஒண்ணும் இல்லாமகூட இருக்கலாம்ல'ன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். பயம், வீம்பு, ரெண்டும்தான். வேற என்ன?

திங்கக்கிழமை ஸ்கேன். அதே வாரம் கழுத்துல ஊசி குத்தி எடுத்துப் பாத்தாங்க. புத்துநோய்.

வேற ஆஸ்பத்திரியில ஒரு அறுவை டாக்டர், நல்ல மனுஷன், படம் போட்டு விளக்கினார். "இந்த வகை மெதுவா வளரும், சீக்கிரம் எடுத்துட்டாப் பயமில்ல. ஆனா இது உக்காந்திருக்கற இடம்தான் மோசம். குரலுக்குப் போற நரம்புக்கு ஒட்டினாப்பல இருக்கு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா நரம்பைச் சுத்தியிருக்கும். அப்புறம் காத்து மாதிரிதான் பேச்சு வரும்."

ஆ-ஃபா என்னைப் பாத்தார். கேலிக்கு வாய் துடிச்சிருக்கும், ஆனா அவர் கண்ணு கலங்கியிருந்துச்சு.

குரல் போனா நான் என்ன ஆகறது? ஏழு மேஜைக்கும் கல்லுகிட்ட நின்னே கத்தறவ நான். வயித்து வலிக்கு ஒரு முனகல், மாரடைப்புக்கு ஒரு முனகல்னு வகை வகையா வெச்சிருக்கறவ. அறுவை முடிஞ்சு கண் முழிச்சப்ப நர்ஸ், "அம்மா, ஏதாவது பேசுங்க பாக்கலாம்"னா. "கடையை யாரு பாத்துக்கறா?"ன்னேன். கரகரன்னு இருந்துச்சு, ஆனா என் குரல்தான். ஆ-ஃபா கட்டில் ஓரத்துல உக்காந்து விசும்பி விசும்பி அழுதார்.

தையல் ஆறினதும் நேரா ஷியே டாக்டர் அறைக்குப் போனேன். ஸ்கேன் காகிதத்தை மேஜையில போட்டேன். "என் மார்க் தாளை எடுங்க. நான் மாத்தணும்."

"பாவ்-சூ அக்கா, பெட்டிக்குள்ள போன தாளை யாரும் தொட முடியாது. அது விதி." காகிதத்தைப் படிச்சார், ரொம்ப நேரம். அப்புறம் கண்ணாடியைக் கழட்டினார். "கழுத்துப் பரிசோதனைக்கு நான் அவளுக்குப் பூஜ்யம் போட்டேன். அட்டையில இருக்கறதை அவ சொல்லலையேன்னு. இருபது வருஷ டாக்டர் நான், எட்டி உங்க கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணல."

"எனக்குந்தான் தோணல. என் கழுத்து!"

அவர் எழுந்து என் முன்னாடி தலை குனிஞ்சு நின்னார். நானும் குனிஞ்சேன். ரெண்டு பேர்ல யாரு யாருக்கு மன்னிப்புக் கேட்டோம்னே தெரியல.

இனிமே 'இயல்பு' அட்டை கிடையாது, கைக்கு என்ன படுதோ அதைத்தான் சொல்லணும்னு மாத்திட்டார். மறுபரீட்சையில அந்தப் பொண்ணு தேறிடுச்சுன்னும் சொன்னார். போன் நம்பர் கேட்டேன், தர மாட்டேன்னுட்டார். அதுவும் விதியாம். விதியை எழுதினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா!

லீவுக்கு அவ ஊருக்குப் போயிருந்தா. அவ பேரைச் சொல்லி மருந்துக் கடவுள் கோயில்ல ஆரஞ்சுப் பழம் படைச்சேன். அந்தப் பேரு சாமி காதுக்குப் பழக்கமில்லாததுன்னு மூணு தடவை சத்தமாச் சொன்னேன். பூசாரி என்னை ஒரு மாதிரியாப் பாத்தார். பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும், இத்தனை சத்தமாச் சொல்ல முடியுதேன்னு எனக்கு ஆனந்தம்.

இந்த வசந்தத்துல ஷியே டாக்டர் கடைக்குச் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடிச்சுட்டு, சுவத்தைப் பாத்துச் சொல்ற மாதிரி, "புதன்கிழமை மத்தியானம் குடும்ப மருத்துவப் பிரிவு, நாலாம் நம்பர் அறை. பயிற்சி டாக்டர்கள் பாப்பாங்க. யாரு வேணாலும் டோக்கன் போடலாம்"னுட்டுக் கிளம்பிட்டார்.

புதன்கிழமை ரெட்டை முட்டை வெச்சு ஒரு ரொட்டி சுட்டுப் பொட்டலம் கட்டினேன். ஆ-ஃபா கூடவே அன்னாசி கேக் டப்பாவையும் எடுத்து நீட்டினார்.

"அறிவிருக்கா உனக்கு? ஆஸ்பத்திரிக்குள்ள அன்னாசியைக் கொண்டு போனா அன்னிக்கு நோயாளிக் கூட்டம் தள்ளும்னு அங்க எல்லாரும் விரட்டுவாங்க. அந்தப் பொண்ணு ஒத்தையா மாட்டிக்கும்."

"சரி சரி, ரொட்டியோட போ."

காப்பீட்டு அட்டையைக் கொடுத்தேன். இருபத்தி மூணாம் நம்பர். கதவுக்கு மேல என் நம்பர் எரிஞ்சப்ப, பதினோரு வருஷமா ஆஸ்பத்திரியே வீடா இருந்தவ, புதுசா வந்தவ மாதிரி கதவைத் தட்டிட்டுப் போனேன்.

உள்ள மூத்த டாக்டர் பக்கத்துல அவ உக்காந்திருந்தா, வெள்ளைக் கோட்டோட. நிமிர்ந்து பாத்தா. என் முகத்தைப் பாத்து யோசிச்சா. அப்புறம் கழுத்துல இருந்த தழும்பைப் பாத்தா. கையில இருந்த பேனாவைக் கீழ வெச்சுட்டா.

"திருமதி வூ…"

"அவ போயிட்டா. நான் பாவ்-சூ."

"என்ன தொந்தரவு, பாவ்-சூ அம்மா?" கேக்கறப்பவே அவளுக்குக் குரல் உடைஞ்சுடுச்சு.

பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போயிருந்தேன். மணி அடிக்கற வரைக்கும் ஒரு வரி பிசகாதவளுக்கு ஒண்ணும் ஞாபகம் வரல.

"தாள்ல கடைசியா ஒரு கேள்வி இருந்துச்சே"ன்னேன்.

"தெரியும். காட்டினாங்க. நீங்க ஒண்ணு போட்டிருந்தீங்க."

"போட்டேன். பாவி, அழுத்தி வேற போட்டேன். அதை மாத்த விட மாட்டேங்கறாங்கம்மா. அதான் நேராவே வந்துட்டேன்."

அவ எழுந்து கையைத் துடைச்சா, என் பின்னாடி வந்தா, தம்ளர்ல தண்ணி கொடுத்தா. அதே ரெண்டு கை, இளஞ்சூடா, தழும்புக்கு ரெண்டு பக்கமும்.

"முழுங்குங்க அம்மா."

தண்ணி இறங்கவே இல்ல. அவ அவசரப்படல. கையை எடுக்காம நின்னா. நான் அழுது முடிச்சு முழுங்கினேன்.