இராஜமாணிக்கத்தின் இங்கிலீஷும் மூக்கம்மாவின் உள்ளங்கையும்

கோத்தகிரிக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில், தேயிலைக்கு அடுத்தபடியாகப் பேர் வாங்கியது பெரிய கிளார்க் இராஜமாணிக்கத்தின் இங்கிலீஷ்தான். குன்னூர் ஹெட் ஆபீசுக்குப் போகும் கடிதம் ஒவ்வொன்றையும் துரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் கப்பலேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. இவர் பொள்ளாச்சிக்காரர். பங்களாவோடும் தொப்பியோடும் தமிழ் பேசத் தயங்குவதையும் சேர்த்து சார்ஜ் எடுத்துக்கொண்டவர். கடிதம் எவ்வளவுக்குப் புரியவில்லையோ, அவ்வளவுக்குத் திருப்தியாகத் தலையாட்டுவார்.

இராஜமாணிக்கத்திடம் செல்லமான சொல் ஒன்று இருந்தது: இன்கெப்பாசிட்டேட். முந்தைய துரை விட்டுப்போன அகராதியில் கண்டெடுத்தது. ஒரு ஆளை வேலைக்கு ஆகாதபடி முடக்கிப் போடுவது என்று அதற்கு அர்த்தம். அர்த்தத்தைவிட அதன் நீளம் அவருக்குப் பிடித்திருந்தது. வயிறு சரியில்லாமல் லீவ் கேட்டால், நேற்றைய தோசை தம்மை இன்கெப்பாசிட்டேட் செய்துவிட்டதாக எழுதுவார். மழையில் ரோடு சரிந்தாலும் அதே சொல். டைப்ரைட்டரில் ஒரு எழுத்து சிக்கினாலும் அதுதான். பங்களா நாய்க்குச் சளி பிடித்தபோதும் நாய் இன்கெப்பாசிட்டேட் ஆனது. டைப்பிஸ்ட் பாலாமணி காகிதத்தை உருளையில் சொருகுமுன், "ஏனுங்க சார், இந்த வாரம் அது யாருக்குங்க?" என்று கேட்டுக்கொள்வாள்.

இலை ஏற்றும் லாரியின் பின்கதவுக் கொக்கி உடைந்தபோதும் அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம். ஹெட் ஆபீசிலிருந்து பதில் வரவில்லை. டிரைவர் கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டான்.

ஆனி மாசத்து மழையில் நனைந்த அந்தக் கயிறு ஒருநாள் அவிழ்ந்தது. எடை போடும் கொட்டகை முன்னால் கூடையை மேலே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மூக்கம்மாவின் வலது கைமேல் கதவு விழுந்தது.

மூக்கம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. எஸ்டேட்டில் அவளைவிட வேகமாக இலை எடுக்க ஆளில்லை என்பதைக் கங்காணிகளே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வாரத்தில் கட்டு அவிழ்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக மடங்குகின்றன, இலை பறிக்கலாம் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் எழுதிவிட்டார். கிள்ளுவதற்கு இரண்டு விரலும் நகமும் போதும் என்று நினைத்திருப்பார். இனி அவள் தேயிலைக் காட்டுக்குப் போய், நாளுக்கு இவ்வளவு இலை என்ற கணக்கைக் கொண்டுவராவிட்டால் செக்ரோல் என்ற ஆள்பதிவில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். வேலையில் அடிபட்டு முடங்கியவள் என்று ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொண்டால்தான் பேர் நிற்கும், லேசான வேலையும் கிடைக்கும். ஒத்துக்கொள்ள வைப்பது பெரிய கிளார்க்கின் கடிதம்.

இராஜமாணிக்கம் உட்கார்ந்து தம் வாழ்நாளின் மிகச் சிறந்த கடிதத்தை எழுதினார். மூன்று பக்கம். மூக்கம்மா ஐந்து இடங்களில் இன்கெப்பாசிட்டேட் ஆனாள். துரை இரண்டுதரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒரு வாரத்தில் குன்னூரிலிருந்து நாலே வரியில் பதில் வந்தது. இந்த வருஷத்துக் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தார்களாம். இதே கதி ஒரு டைப்ரைட்டருக்கும், ஒரு ரோட்டுக்கும், ஒரு நாய்க்கும், பெரிய கிளார்க்குக்கு இரண்டு முறையும் நேர்ந்திருக்கிறதாம். எல்லோரும் தேறிவிட்டதுபோல அந்தப் பெண்ணும் தேறிவிடுவாள் என்று நம்புகிறார்களாம். திங்கட்கிழமை இலை பறிக்க அனுப்பவும்.

பாலாமணி அதைப் படித்துவிட்டு அவர் மேஜையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலிருந்த அந்த மரியாதைதான் அவரை அதிகம் சுட்டது.

சாயங்காலம் இராஜமாணிக்கம் லைன் பக்கம் நடந்தார். கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பதிலில் இருந்ததை மூக்கம்மாவிடம் தமிழில் சொன்னார். நாய் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். அவள் அழவில்லை.

"கிளாக்கரையா, கொழுந்து எடுக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இந்த எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்திருப்பதாக அவர் சொன்னார்.

"இருந்தது சரிங்கையா. பாத்தீங்களான்னு கேட்டேன்."

அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். லைனுக்குப் பின்னாலேயே தேயிலைக் காடு. அவள் ஒரு செடி முன்னால் நின்று இடது கையை நீட்டினாள். அந்தக் கை செடிமேல் ஓடியதே தவிர எங்கும் நின்றதாகத் தெரியவில்லை. இரண்டு விரல் துளிரைக் கிள்ள, மற்ற மூன்று விரலும் அதை உள்ளங்கைக்குள் வாங்கிப் பூட்டிக்கொண்டன. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு முற்றல் இலைகூட அகப்படவில்லை. உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் ஒரு வீச்சு. அங்கே கூடை இல்லாததால் கொழுந்து சிதறி விழுந்தது. தாம் இத்தனை வருஷம் ரிப்போர்ட்டில் கிலோ கிலோவாக எழுதியது இதைத்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தம்முடைய எந்த வாக்கியமும் இவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை என்றும் தோன்றியது.

பிறகு வலது கை. இரண்டு விரல் சரியாகவே கிள்ளின. மற்ற மூன்றும் குச்சிபோல நின்றன. கிள்ளிய துளிர் ஒவ்வொன்றாக அவள் காலடியில் விழுந்தது.

"எடுக்குதுங்கையா. வச்சிருக்க மாட்டேங்குது. டிரெஸ்ஸர் ஐயா ரெண்டு வெரலத்தான் பாத்தாரு."

மறுநாள் காலை இராஜமாணிக்கம் அகராதியைத் திறக்கவில்லை. பார்த்ததை எழுதினார். மூக்கம்மாவால் துளிரைக் கிள்ள முடியும். கிள்ளியதைக் கையில் வைத்திருக்க முடியாது. வைத்திருக்க முடியாத கை ஒவ்வொரு துளிருக்கும் கூடைவரை போய்வர வேண்டும். அப்புறம் கொக்கி பற்றிய பழைய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தார். கொக்கி என்ற சொல்லே அதில் மூன்றாவது பாராவில்தான் தலைகாட்டியது. அதைக் கிழித்துப்போட நல்ல வாய்ப்பு இருந்தது. அவர் அதைப் புதுக் கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி, கடைசியில் எழுதினார்: 'இத்துடன் உள்ள கடிதத்தில் நான் சொல்ல வந்தது, கொக்கி உடைந்திருக்கிறது என்பதே. அந்தக் கதவு மூக்கம்மாவை இன்கெப்பாசிட்டேட் செய்துவிட்டது. இந்தச் சொல்லை முன்பெல்லாம் அவசியமில்லாமல் எழுதினேன். இப்போது இதைத் தவிர வேறு சொல் இல்லை.'

பாலாமணி எதுவும் கேட்காமல், ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

துரைக்கு முகம் வாடிவிட்டது. எல்லாமே புரிகிறதே என்று வருத்தப்பட்டார். பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல இருக்கிறது என்றார். இராஜமாணிக்கம் ஆமாங்க சார் என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றார். கையெழுத்து விழுந்தது.

அடுத்த வாரம் குன்னூரிலிருந்து ஒரு ஆபீசர் ஜீப்பில் வந்தார். செடி முன்னால் நின்று மூக்கம்மாவின் இரண்டு கையையும் பார்த்தார். காலடியில் விழுந்த துளிர்களை வெகுநேரம் பார்த்தார். பேர் செக்ரோலில் நின்றது. லைன் வீடும் நின்றது. லாரிக்குப் புதுக் கொக்கி வந்தது. எடைக் கொட்டகையில், வரும் கூடைகளில் முற்றல் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை மூக்கம்மாவுக்கு. அவள் கண்ணைத் தாண்டி ஒரு முற்றலும் உள்ளே போவதில்லை.

ஐப்பசியில் இராஜமாணிக்கத்துக்குச் சளி பிடித்தது. லீவ் லெட்டரைச் சொல்லிக்கொண்டே வந்தவர் இரண்டாவது வரியில் முடித்துவிட்டார். பாலாமணி காத்திருந்து பார்த்தாள்.

"ஏனுங்க சார், அந்த வார்த்தை வரலீங்களே?"

"அத மூக்கம்மாளுக்குக் குடுத்தாச்சு, அம்மிணி."

சளி, ஒரு நாள் லீவ் வேண்டும் என்று மட்டும் இருந்த அந்தக் காகிதத்தைத் துரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு பலவீனமான இங்கிலீஷை அந்த மனிதரிடம் அவர் கண்டதில்லை. பயந்துபோய், ஜீப்பில் டிரெஸ்ஸரை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.